அடிபட்ட மூளையில் புது செல் முளைக்குமா?

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பார்கள். ஆனால், லஸ் முனையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள்... பலருக்கு ஹெல்மெட் தலையில் இருக்காது, பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும்!

அப்படிப் போய் விழுந்த பிள்ளையின் பெற்றோர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். ''செத்துப்போன மூளை செல் மறுபடி முளைக்குமா டாக்டர்?''

நான் படித்த நாளில் 'முளைக்காது' என்றுதான் பாடம். அது முழுக்கச் சரியில்லை. வளர்ந்த எலியின் மூளையிலும் புது நரம்பு செல்கள் பிறப்பதை, அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் 1960-களிலேயே காட்டினார். நம்பியவர்கள்தான் குறைவு. 1992-ல் சுண்டெலி மூளையிலிருந்து ஸ்டெம் செல்களையே பிரித்தெடுத்துவிட்டார்கள்.

ஸ்டெம் செல் என்பது குதிரில் பத்திரப்படுத்திய விதைநெல் மாதிரி. மூளையில் இது முக்கியமாக இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஞாபகத்தைக் கவனிக்கும் ஹிப்போகேம்பஸ். மற்றொன்று, மூளைக்குள் நீர் நிரம்பிய அறைகளின் சுவர்.

எலிக்குத் தலையில் அடிபட்டால், சில நாட்களிலேயே இந்த விதைநெல் விழித்துக்கொள்கிறது. செல்கள் மளமளவென்று பெருகுகின்றன. சில, காயத்தை நோக்கி நகர்ந்தும் போகின்றன. ஆனால் வயல் சரியில்லையே! அங்கே வீக்கம், அழற்சி, ரத்த ஓட்டக் குறைவு. பல செல்கள் செத்துப்போகும். இன்னும் பல, நரம்பு செல்லாகாமல் தழும்பு போடும் துணை செல்லாகிவிடும். உருப்படியாக வேலைக்கு வருபவை சொற்பம். மனிதர்களிடம் இது எவ்வளவு நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் விவாதம் ஓயவில்லை.

அப்படியானால் பிள்ளை தேறுவது எப்படி? வீக்கம் வடிகிறது. மிச்சமிருக்கும் செல்கள் புதுத் தொடர்புகளைப் போட்டுக்கொள்கின்றன. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அதற்குத்தான். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

''ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும்'' என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைத்துவிடாதீர்கள். 2017-ன் தேசிய வழிகாட்டுதல்படி, மூளைக் காயத்துக்கு அது அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். வல்லாரை லேகியமும் செத்த செல்லை முளைக்க வைக்காது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, அரைமயக்கம், குழறல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் வடிதல் இருந்தால் தைலம் தேடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும். இன்றைய தலைப்பாகை ஹெல்மெட்தான். ''இதோ, பாண்டி பஜார் வரைக்கும்தானேம்மா'' என்று பிள்ளை கிளம்பினாலும், ஸ்ட்ராப்பை மாட்டிவிட்டே அனுப்புங்கள்!