நின்று நின்று ஓடும் கடிகாரம்: முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்!

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி வீட்டுச் சுவரில் ஊசல் கடிகாரம் இருக்கிறதா? அது ஓடுகிறதா, வெறும் அலங்காரமாகத் தொங்குகிறதா?

கிள்ளானில் என் பாட்டி வீட்டில் ஒன்று இருக்கிறது. தாத்தா இருந்தவரை ஞாயிறுதோறும் அவர்தான் அதற்குச் சாவி கொடுப்பார். தீபாவளிக்கு முன் சுவருக்குச் சாயம் பூசிவிட்டுக் கடிகாரத்தை மீண்டும் மாட்டினோம். அன்று தொடங்கியது தொல்லை. ஊசலை ஆட்டிவிட்டால் ஓடும். பத்து நிமிடத்தில் நின்றுவிடும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்காரர், "உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு பேட்டரி இயந்திரம் மாட்டிவிடலாம்" என்றார். பாட்டியின் முகம் வாடிவிட்டது. "இரண்டு நாள் பொறுங்கள் பாட்டி, நான் பார்க்கிறேன்" என்றேன்.

நான் முதலில் செய்ததே தவறு. ஊசல் குண்டின் அடியில் இருக்கும் நட்டைத் திருகினேன். பயனில்லை. ஏன் தெரியுமா?

மெதுவாக ஓடுவது வேறு, நிற்பது வேறு

ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தையும் புவியீர்ப்பையும் பொறுத்தது. நட்டைத் திருகினால் நீளம் மாறும். கடிகாரம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும், அவ்வளவுதான். 1672-இல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குச் சென்றார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதே காரணம். நாமும் நிலநடுக்கோட்டை ஒட்டித்தான் வாழ்கிறோம். லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் கோலாலம்பூரில் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். ஆனால், அதனால் நிற்காது.

நிற்பது சக்தி தொடர்பான சிக்கல். காற்றும் உராய்வும் ஊசலின் சக்தியைத் தின்றுகொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட, சுருள்வில்லால் சுழலும் பற்சக்கரம் ஒவ்வொரு 'டிக்'கிலும் ஊசலுக்கு ஒரு சிறு தள்ளு கொடுக்கிறது. நங்கூர வடிவத் துண்டு ஒன்று இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்து, ஒரு நேரத்தில் ஒரு பல்லை மட்டுமே விடுவிக்கும்.

கடிகாரம் சாய்வாகத் தொங்கினால், ஒரு பக்கத்தில் பல் மட்டுமட்டாகவே விடுபடும். ஆட்டம் சற்றுக் குறைந்ததும் அந்தப் பல் விடுபடாது. தள்ளு கிடைக்காது. கடிகாரம் நின்றுவிடும்.

இப்படிச் சோதியுங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதுதான் அறிவியல் முறை.

1. சாவி முழுதாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா?

2. எப்போதும் ஒரே நேரத்தில் நிற்கிறதா? அப்படியானால் முட்கள் ஒன்றையொன்று உரசலாம்.

3. ஊசல் குண்டு பின்பலகையில் உரசுகிறதா?

4. கண்ணை மூடிக் கேளுங்கள். 'டிக்-டாக், டிக்-டாக்' என்று ஒரே இடைவெளியில் ஒலிக்க வேண்டும். 'டிக்டாக்... டிக்டாக்...' என்று நொண்டினால், பெட்டியின் அடிப்பகுதியை இடமோ வலமோ சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒலி சீரானதும் நிறுத்துங்கள். ரசமட்டத்தைவிட உங்கள் காதையே நம்புங்கள். சந்தேகமா? கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து, அலைவடிவத்தில் இடைவெளிகளை அளந்து பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது நாளடைவில் பிசுபிசுத்துச் சக்கரங்களை இறுக்கிவிடும். இயந்திரத்தையும் பிரிக்காதீர்கள்; முறுக்கேறிய சுருள்வில் திடீரென விடுபட்டால் கையைக் காயப்படுத்தும். இத்தனைக்கும் ஓடவில்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பாட்டி வீட்டுக் கடிகாரம் நான்காவது சோதனையில் சிக்கியது. சாயம் பூசியபின் அதைச் சற்றுச் சாய்வாக மாட்டிவிட்டோம். அடிப்பகுதியை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தியதும் ஒலி சீரானது. சரியான இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்தேன். புதுச் சுவரில் கோடு போட்டதற்குப் பாட்டி திட்டவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் பாட்டியே சாவி கொடுக்கிறார். இந்த வாரம் உங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கும் காது கொடுத்துப் பாருங்களேன்!