தீவுகளில் ஆங்கில ஆசிரியர்: தகுதியும் சம்பளமும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்போர் மூன்று படிகளில் பணியமர்த்தப்படுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடங்களோடும் சேர்த்து ஆங்கிலத்தையும் நடத்துபவர் பி.எஸ்.டி. எனப்படும் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஆறு முதல் பத்து வரை ஆங்கிலத்துக்கென்றே இருப்பவர் ஜி.டி.டி. எனப்படும் பட்டதாரி ஆசிரியர். மேல்நிலை வகுப்புகளுக்கு பி.ஜி.டி. எனப்படும் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர். தீவுகள் ஒன்றியப் பிரதேசம் என்பதால், தமிழ்நாட்டில் மாநில அரசின் ஊதிய விகிதம் இருப்பதுபோல் இங்கே தனியாக ஒன்று கிடையாது. மத்திய அரசின் ஏழாவது ஊதியக்குழு அட்டவணையே நேரடியாகப் பொருந்தும்.

அந்த அட்டவணையில் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 44,900. முதுநிலைப் பட்டதாரி ஆசிரியருக்கு 47,600. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியரின் ஆரம்ப அடிப்படை 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருடையது 36,400. முதுநிலை ஆசிரியருடையது 36,900. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனாலும் அடிப்படையிலேயே மாதம் கிட்டத்தட்ட பதினைந்தாயிரம் வித்தியாசம். சென்னையில் இடைநிலை ஆசிரியர்கள் சம்பள முரண்பாடு பற்றி ஆண்டுக்கணக்கில் போராடிவருவதை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும். மேல் படிகளில் இடைவெளி இதைவிடக் குறைவு. ஜி.டி.டி.க்கும் பி.ஜி.டி.க்கும் நடுவே உள்ள தூரமும் சிறிதுதான்: ஜி.டி.டி. இரண்டு இன்கிரிமென்ட் வாங்கினால் 44,900 என்பது 46,200 ஆகி, 47,600 ஆகிவிடுகிறது. எம்.ஏ. முடித்துப் புதிதாகச் சேருபவரின் சம்பளமும் அதுவே.

அடிப்படைக்கு மேல் அகவிலைப்படி. 2025 ஜூலையில் அது 58 சதவீதமாக இருந்தது. இதற்கு மேல் தீவுக்கென்றே உள்ள சிறப்புப் பணிப்படி ஒன்று உண்டு. நிர்வாகத் தலைநகரான போர்ட் பிளேரில், அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட ஊரில், அடிப்படையில் 10 சதவீதம். அதற்கு வெளியே தெற்கு அந்தமானிலும், நடு, வடக்கு அந்தமானிலும் 16. சின்ன அந்தமானிலும் நிக்கோபார் தீவுகளிலும் 20. கப்பலும் ஹெலிகாப்டரும் எவ்வளவு அரிதாக வருகின்றனவோ அவ்வளவுக்குப் படி கூடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தப் படிக்கு உரியவரான ஒரு ஜி.டி.டி. கார் நிக்கோபாரில் சேர்ந்தால் அடிப்படை 44,900, அந்த 58 சதவீதக் கணக்கில் அகவிலைப்படி 26,042, தீவுப்படி 8,980 என மொத்தம் 79,922 ரூபாய். வீட்டு வாடகைப்படி, பயணப்படி ஆகியவை இதில் சேரவில்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்து சதவீதம், ஏறத்தாழ 7,094 ரூபாய், பிடித்தம் போகும். எட்டாவது ஊதியக்குழு 2025இல் அமைக்கப்பட்டிருப்பதால் அதன் பரிந்துரை நடைமுறைக்கு வரும்போது இந்த எண்கள் எல்லாமே மாறும்.

தகுதி விஷயத்தில், எட்டாம் வகுப்பு வரை, தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2010இல் வகுத்ததே அடிப்படை. தொடக்கப் பள்ளிக்கு மேல்நிலைத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் இரண்டாண்டு டி.எல்.எட். பட்டயமும். ஆறாம் வகுப்புக்கு மேல் ஆங்கில ஆசிரியராக, பட்டப் படிப்பில் ஆங்கிலத்தை முறையான பாடமாகப் படித்திருக்க வேண்டும், கூடவே பி.எட். மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலத்தில் எம்.ஏ.வும் பி.எட்.டும். பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று 2018இல் ஒரு கதவு திறக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. பி.எட். பட்டம் டி.எல்.எட்.டைவிடப் பெரியதுதானே என்று நினைத்துப் பணம் கட்டிப் படித்த பலருக்கு அந்தத் தீர்ப்பு பேரிடி. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பயிற்சி வேறு, பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் பயிற்சி வேறு என்ற வாதத்தை மறுப்பது கடினம். தீவிலேயே படிக்க விரும்புவோருக்குப் போர்ட் பிளேரில் தாகூர் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது.

எட்டாம் வகுப்பு வரையிலான பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். சட்டமன்றம் இல்லாத அந்தமானுக்குத் தனித் தேர்வு இல்லை, சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்தியத் தேர்வான சிடெட்தான். 150 கேள்விகள், இரண்டரை மணி நேரம், 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும். முதல் மொழியாகத் தமிழையும் இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தையும் தேர்ந்தெடுக்கலாம் என்பது தமிழ் மாணவர்களுக்கு வசதி. ஒரு விநோதமும் இருக்கிறது. இரண்டாம் தாளில் பாதிக்குச் சற்றுக் குறைவான மதிப்பெண், அதாவது 60, கணிதம்-அறிவியலுக்கோ சமூக அறிவியலுக்கோ ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில ஆசிரியராகப் போகிறவரும் இந்த இரண்டில் ஒன்றை எழுதியே தீர வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் திறனுக்கு அங்கே 30 மதிப்பெண் பகுதியில்தான் இடம்.

இவ்வளவு சான்றிதழும் கையில் இருந்தாலும் மெயின்லேண்டிலிருந்து யாரும் நேராகப் போய் அரசுப் பணியில் சேர்ந்துவிட முடியாது. தீவு நிர்வாகத்தின் ஆசிரியர் பணி அறிவிப்புகள் பெரும்பாலும் உள்ளூர் வேலைவாய்ப்பகத்தில் பதிவு செய்த தீவு மக்களைத்தான் அழைக்கின்றன. தலைமுறைகளாக அங்கே குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு வேறு வேலைவாய்ப்பு குறைவு என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. வெளியிலிருந்து வர நினைப்பவருக்குத் திறந்திருக்கும் வழிகள் அகில இந்திய அளவில் ஆள் எடுக்கும் கேந்திரிய வித்யாலயாவும் நவோதயா வித்யாலயாவும்தான். போர்ட் பிளேரில் கேந்திரிய வித்யாலயா உண்டு. நடு அந்தமானிலும் கார் நிக்கோபாரிலும் நவோதயா உண்டு. சம்பளப் படிநிலையும் மேலே சொன்னதுதான். நிரந்தர இடங்கள் நிரம்பும்வரை ஒப்பந்த ஆசிரியர்களை வைத்துப் பள்ளிகள் நடப்பதும் உண்டு. அவர்களுக்குத் தொகுப்பூதியம் மட்டும். அகவிலைப்படி உயர்வோ இன்கிரிமென்ட்டோ ஓய்வூதியமோ கிடையாது. ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் சம்பளத்தில் பாதிகூட இல்லாமல் அதே ஆங்கிலத்தை நடத்துகிறவர் இருப்பது தீவுக்கு மட்டுமான கதை அல்ல; தனியார் பள்ளிகளில் அதுதான் வழக்கம்.

வகுப்பறைக்குள் போனால் சம்பளத்தைவிடச் சிக்கலான கணக்கு காத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் வங்க மொழி பேசுவோர் 28 சதவீதத்துக்கு மேல், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரி 7 சதவீதத்துக்கும் மேல். அரசுப் பள்ளிகளில் தமிழ், வங்க, தெலுங்கு வழி வகுப்புகளும் இருக்கின்றன. கடைத்தெருவில் எல்லாரையும் சேர்த்துக் கட்டுவது ஒரு வகை அந்தமான் இந்தி. எனவே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு வீட்டில் மூன்று மொழி, மைதானத்தில் இந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். மதுரையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ போகும் ஆசிரியர் புரியாத இடத்தில் தமிழில் விளக்கிவிட்டு நகரும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டியதுதான். இந்தி தெரியாமல் போனால் முதல் பருவம் முழுக்கத் திணறல்.

பிள்ளைகளின் தாய்மொழி தெரியாமலே அவர்களுக்குக் கற்பிக்க இப்படிக் கடல் கடந்த முன்னோடிகளில் ஒருவர் தமிழர். வேதப்பன் சாலமன், இங்கிலாந்துத் திருச்சபையின் எஸ்.பி.ஜி. மிஷனைச் சேர்ந்த உபதேசியார். 1890களின் நடுவில் அவர் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறினார். அரசாங்கத்தின் முகவர், சிறு வழக்குகளுக்கு நீதிபதி, துறைமுகம் பார்ப்பவர், வானிலை குறிப்பவர் எல்லாம் அவரே. இத்தனைக்கும் இடையே பள்ளிக்கூடமும் நடத்தினார். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பின் பகுதிகள் பின்னால் அச்சேறின. அன்றைய நிக்கோபார் வாழ்க்கையை அறிய இன்றும் அவை ஆதாரம். அவரிடம் படித்த சிறுவர்களில் ஹாச்சேவ்கா என்பவன் பர்மாவின் மாண்டலேக்கு மேற்படிப்புக்கு அனுப்பப்பட்டான். திரும்பி வந்து அவனும் ஆசிரியரானான். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன்: நிக்கோபாரி மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர், தீவுகளின் முதல் பிஷப், 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர். நிக்கோபாரி மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுவது அந்தப் பள்ளிகளின் காலத்து மரபு. அதனால் நிக்கோபாரிப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்து புதிதல்ல. ஆங்கிலச் சொல்தான் புதிது. தொடக்க வகுப்பு ஆசிரியர் இதை அறிந்திருந்தால் பாதி வேலை குறையும்.

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்று யோசிக்கும் தீவு இளைஞருக்கு விதிகள் வேறு மாதிரி. ஜப்பானில் 1987 முதல் நடக்கும் ஜெட் திட்டம் எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் உதவி ஆசிரியராக எடுத்துக்கொள்கிறது, பி.எட். கேட்பதில்லை. முதலாண்டுச் சம்பளம் இப்போது சுமார் 40 லட்சம் யென். ஆனால் விண்ணப்பதாரர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை முதலில் பார்ப்பார்கள். தென் கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கானது. இந்தியர்களுக்கு 2010இல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம் ஒரு சிறு வாசலைத் திறந்தது: பட்டத்தோடு ஆங்கில ஆசிரியருக்கான முறையான சான்றிதழும் இருந்தால் இந்தியரும் விண்ணப்பிக்கலாம். நியூயார்க்கில் வேறு ஏதோ படித்தவருக்குத் தேவையில்லாத சான்றிதழ் போர்ட் பிளேரில் ஆங்கிலம் படித்தவருக்குத் தேவைப்படுகிறது. இதில் கற்பிக்கும் திறனைவிடக் கடவுச்சீட்டின் நிறம்தான் அதிகம் பேசுகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செல்டா சான்றிதழ் தனியார் மொழிப் பள்ளிகளில் மதிக்கப்படுகிறது. 120 மணி நேரப் பாடமும், உண்மையான மாணவர்களுக்கு முன் ஆறு மணி நேரம் கண்காணிப்பில் நடத்தும் வகுப்பும் அதில் அடக்கம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 120 மணி நேரச் சான்றிதழ்களில் அந்த ஆறு மணி நேரம் இருக்காது, வேறுபாடு அங்கேதான். உள்நாட்டில் 1958இல் ஹைதராபாதில் தொடங்கிய, இன்று ஆங்கில மற்றும் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகமாக உள்ள நிறுவனம் ஆங்கிலம் கற்பித்தலில் முதுநிலைப் பட்டயத்தைத் தபால்வழியிலும் தருகிறது. ஆனால் இவற்றில் எதுவும் அந்தமான் அரசுப் பள்ளிப் பணிக்கு பி.எட்.டுக்கு மாற்றாகாது. வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் பெரும்பாலும் பி.எட்.டைத்தான் கேட்கின்றன. அங்கே போக நினைப்பவர் பட்டச் சான்றிதழ்களை வெளியுறவு அமைச்சகத்திலும் அந்தந்த நாட்டுத் தூதரகத்திலும் மெய்ப்பித்து வாங்க வேண்டும். தீவில் இருப்பவருக்கு அதற்காக ஒருமுறையாவது சென்னைக்கு விமானமோ, மூன்று நாள் கப்பலோ ஏற வேண்டியிருக்கலாம் என்பதால், வேலை உத்தரவு வந்த பிறகு தொடங்காமல் பட்டம் கையில் வந்ததுமே அந்த வேலையை முடித்துவைப்பது நல்லது.