அசையாமல் திரும்பும் ஒளி

கேமரா ஃபோகஸ் செய்யும்போது உள்ளே வில்லைகள் முன்னும் பின்னும் நகர்கின்றன. எதையும் நகர்த்தாமல், மின்னழுத்தத்தை மட்டும் மாற்றி ஒளியை வேண்டிய இடத்தில் குவிக்க முடியுமா?

முதலில், வில்லை என்ன செய்கிறது? குவிவில்லையின் நடுப்பகுதி தடிமனானது. அங்கே புகும் ஒளி, ஓரத்தில் புகும் ஒளியைவிடச் சற்றுப் பிந்தி வெளியே வரும். இந்தத் தாமத வித்தியாசம்தான் ஒளியை ஒரு புள்ளியில் சேர்க்கிறது. தாமதத்தை வேறு வழியில் உண்டாக்க முடிந்தால் வளைந்த கண்ணாடியே வேண்டாம்.

2009இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். 400 நானோமீட்டர் தடிமனில் ஒரு தங்கப் படலம்; அதில் 80 முதல் 150 நானோமீட்டர் அகலமுள்ள பிளவுகள். பிளவுக்குள் நுழையும் ஒளி, சுவரிலுள்ள எலெக்ட்ரான்களையும் சேர்த்து அசைத்துக்கொண்டு போகிறது. இந்தக் கூட்டு அலைதான் பிளாஸ்மான். பிளவு குறுகக் குறுக அதன் வேகமும் குறையும். எனவே நடுவில் குறுகலான பிளவுகள், ஓரத்தில் அகலமானவை. தட்டையான தங்கத் தகடு வில்லையாகிவிட்டது.

ஆனால் வெட்டியது வெட்டியதுதான், குவியம் மாறாது. அதை மாற்ற, பிளவுக்குள் குணம் மாறும் பொருளை நிரப்பலாம். திரும்பத் திரும்பப் பதியும் டிவிடியில் இருக்கும் ஜெர்மானியம்–ஆன்டிமனி–டெல்லூரியம் கலவை அப்படிப்பட்டது. சூடாக்கினால் படிகமாகி ஒளியைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

இன்னும் வேகமான வழி, டச் ஸ்கிரீனில் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு. மின்னழுத்தம் கொடுத்ததும் அதன் விளிம்பில் எலெக்ட்ரான்கள் குவியும்; அதனால் ஒளியின் தாமதமும் மாறும். கால்டெக்கில் ஹாரி அட்வாட்டர் குழு 2016இல் 2.5 வோல்ட்டில் ஒளியலையை 180 பாகை தள்ளிக்காட்டியது. அது ஒளியைப் பிரதிபலிக்கும் தகடு. நொடிக்கு ஒரு கோடி முறைக்கும் மேல் ஒளியை மாற்றியமைக்க முடிந்தது; கதிரின் திசையையும் மாற்ற முடிந்தது.

திசை மாறுவது தேர் திரும்புவதுபோலத்தான். ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். ஒளியும் தாமதமான பக்கமே சாயும்.

சிக்கல் இந்தத் தகடுகளில் உள்ள தங்கத்தில்தான். கணிசமான ஒளியை அதுவே விழுங்கிச் சூடாகிவிடுகிறது. போன் கேமராவுக்கு இது கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன். சுழலும் கண்ணாடியை நம்பி, லேசரால் தொலைவை அளக்கும் லைடார் கருவிகளுக்கோ, கொஞ்சம் ஒளி போனாலும் தேயும் பாகமே இல்லாமல் போவது லாபம்தான்.