ஒளியிழைக் கற்றைவழிப் பெறும் படிமங்களில் இரைச்சல் நீக்கமும் அதன் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒளியிழைக் கற்றையின் வழியே எடுக்கப்படும் படிமங்களில் தேன்கூட்டை ஒத்த கரும்பின்னல் படிந்திருக்கும். அது தோன்றும் காரணத்தையும் அதனை நீக்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது. திருத்திய படிமத்தில் அளக்கப்பட்டது எது, கணித்து நிரப்பப்பட்டது எது என்பதை வேறுபடுத்திக் காட்டும் முறையே சோதனைப் பணிக்கு உரியது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: ஒளியிழைக் கற்றை, தேன்கூட்டு இரைச்சல், இடைக்கணிப்பு, படிமச் செயலாக்கம், ஆழ்கற்றல்.

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. ஆவடியில் எஞ்சின் தொழிற்சாலை 1987இல் அமைந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. எந்திரமாயினும் உடலாயினும், வெட்டித் திறக்காமல் உட்புறத்தைக் காணவேண்டிய தேவை இத்துறைகள் அனைத்திற்கும் பொதுவானது. நுனியிலேயே படச்சில்லு பொருத்திய கருவிகள் பெருகிவிட்ட இன்றும், மிகக் குறுகிய துளைகளுக்குள் செல்ல ஒளியிழைக் கற்றைகளே பயன்படுகின்றன. எனவே அவற்றின் படிமங்களைத் திருத்தும் முறை இப்பகுதி ஆய்வாளர்க்கும் உரிய பொருளாகின்றது.

இரைச்சலின் தோற்றம்

பஞ்சாபின் மோகாவில் 1926இல் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவர்தம் ஆசிரியர் ஹெரால்டு ஹாப்கின்சும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் கண்ணாடி இழைக் கற்றைவழியே படிமத்தைக் கடத்திக் காட்டினர். அவர்களது கட்டுரை 1954 சனவரியில் நேச்சர் இதழில் வெளிவந்தது. அதே இதழில் நெதர்லாந்து அறிஞர் வான் ஹீல், இழையின் மேல் ஒளிவிலகல் எண் குறைந்த உறை ஒன்று வேண்டும் என்று எழுதினார். உறை இல்லையெனில் ஓர் இழையின் ஒளி அடுத்த இழைக்குக் கசியும், படிமம் கலங்கும்.

கசிவைத் தடுக்கும் அவ்வுறையே தேன்கூட்டு இரைச்சலுக்கும் காரணமாகும். படிமத்தின் ஒளியை இழைகளின் உள்ளகங்களே சுமக்கின்றன. உறைப்பகுதி ஒளியைச் சுமக்காமையால் உள்ளகங்களுக்கு இடையே கரும்பின்னல் தோன்றுகின்றது. இதனுடன் வேறு நான்கு குறைகளும் சேர்கின்றன. உள்ளகங்கள் அனைத்தும் ஒரே அளவில் ஒளியைக் கடத்துவதில்லை. உடைந்த இழைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். அண்டை உள்ளகங்களுக்கிடையே சிறிதளவு கசிவு எஞ்சும். படமியின் மின்னிரைச்சலும் கூடும். இவற்றுள் கரும்பின்னல், கடத்துதிறன் வேறுபாடு, உடைந்த இழை ஆகிய மூன்றும் கற்றைக்கு நிலையானவை. ஆதலின் முன்கூட்டியே அளந்து வைக்கத்தக்கவை.

திருத்தும் முறைகள்

எளிய முறை காஸியன் வடிகட்டியாகும். அது பின்னலை மங்கச் செய்யும். உடன் பொருளின் விளிம்புகளையும் மங்கச் செய்யும். ஃபூரியர் தளத்தில் இப்பின்னல் மையத்தைச் சுற்றி ஆறு புள்ளிகளாகக் குவிவதால், அப்புள்ளிகளை மட்டும் நீக்கும் வடிகட்டியும் உண்டு. உள்ளகங்களின் அடுக்கு ஒழுங்கற்றதாயின் அப்புள்ளிகள் பரவிவிடும். நீக்கம் முழுமை பெறாது.

உள்ளகங்களை அடிப்படையாகக் கொண்ட முறை இவற்றினும் நம்பத்தக்கது. முதலில் ஒளியை மறைத்து ஓர் இருட்படிமமும், சீரான வெண்பரப்பை நோக்கி ஒரு வெண்படிமமும் எடுக்கப்படும். வெண்படிமத்தில் ஒளி உச்சம் பெறும் இடங்களே உள்ளக மையங்களாகும். அவற்றின் ஆயங்கள் சேமிக்கப்படும். பின்னர் ஒவ்வோர் உள்ளகத்திலும், பொருட்படிம மதிப்பிலிருந்து இருள் மதிப்பைக் கழித்து, வெண்மதிப்பிலிருந்து இருள் மதிப்பைக் கழித்த தொகையால் வகுக்கவேண்டும். இதனால் கடத்துதிறன் வேறுபாடு நீங்கும். இறுதியில் மையங்களை டெலோனி முறையில் முக்கோணங்களாக இணைத்து, இடைப்பட்ட படப்புள்ளிகளின் மதிப்பு இடைக்கணிப்பால் பெறப்படும்.

இவ்வரிசை மாறலாகாது. சமன்செய்யுமுன் இடைக்கணித்தால் ஓர் உள்ளகத்தின் பிழை சுற்றியுள்ள பகுதி முழுவதும் பரவும். கற்றைக்கும் படமிக்கும் இடையிலான பொருத்தம் சிறிது அசைந்தாலும் வெண்படிமத்தை மீண்டும் எடுக்கவேண்டும்.

திருத்தத்தின் எல்லை

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 600 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள படப்பரப்பில் 30,000 உள்ளகங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் உள்ளகத்திற்குக் கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ 9.4 சதுர மைக்ரோமீட்டர். அறுகோண அடுக்கில் மைய இடைவெளி 3.3 மைக்ரோமீட்டர். அக்காட்சி 1000 படப்புள்ளி விட்டமுள்ள வட்டமாகப் பதிவானால், வட்டத்தினுள் ஏறத்தாழ 7,85,000 படப்புள்ளிகள் அடங்கும். அஃதாவது 26 படப்புள்ளிகளுக்கு ஓர் அளவீடே உள்ளது, எஞ்சியவை நிரப்பப்பட்டவை.

அடுத்தடுத்த கோடுகளைப் பிரித்தறிய ஒரு கோட்டிணைக்கு இரு உள்ளகங்களேனும் வேண்டும். கற்றை முகப்பில் அது 6.6 மைக்ரோமீட்டர். 6 மில்லிமீட்டர் அகலக் காட்சியை நுனிவில்லை 10 மடங்கு சுருக்குமாயின், பொருளில் அவ்வெல்லை 66 மைக்ரோமீட்டராகும். 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள தனி விரிசல் மங்கிய கோடாகப் புலப்படக்கூடும். அதன் அகலத்தை அப்படிமத்தைக் கொண்டு அளத்தல் இயலாது.

இவ்வெல்லையைக் கடக்க ஒரு வழி உண்டு. நுனியைச் சிறிது நகர்த்தி, உள்ளக இடைவெளியினும் குறைந்த பெயர்ச்சியுடைய பல படிமங்களை எடுத்து இணைத்தால், இடைவெளிகளில் மெய்யான அளவீடுகள் சேரும். ஆழ்கற்றல் முறை இதனின் வேறுபட்டது. அது பயிற்சிப் படிமங்களில் கற்ற இயல்பைக் கொண்டு இடைவெளியை நிரப்புகின்றது. பயிற்சியில் அரிதாக வந்த குறையை அது அழித்துவிடலாம். இல்லாத விளிம்பை வரைந்துவிடலாம். சராசரித் தர மதிப்பெண்கள் உயர்ந்திருப்பினும் அவ்வொரு குறை தவறியது அவற்றில் தெரியாது.

உடைந்த இழையின் கரும்புள்ளியும் உலோகத்தின் அரிப்புக்குழியும் ஒன்றுபோல் தோன்றும் இடர்ப்பாடும் உண்டு. நுனியை நகர்த்துக, புள்ளி படிமத்தில் அதே இடத்தில் நின்றால் அது கற்றையின் குறை, காட்சியோடு நகர்ந்தால் அது பொருளின் குறை. இச்சோதனைக்கு முன் கரும்புள்ளிகளைத் தானியங்கியாக நிரப்பிவிடுதல் சான்றை அழிப்பதாகும்.

முடிவுரை

தேன்கூட்டு இரைச்சலை நீக்குவதற்கு உள்ளக மையங்களை அறிதல், சமன்செய்தல், இடைக்கணித்தல் என்னும் வரிசை உறுதியான அடித்தளமாகும். ஆழ்கற்றலைப் பயன்படுத்துவோர் அதன் விளைவை இவ்வரிசையால் பெற்ற படிமத்துடன் ஒப்பிட்டுக் காட்டுதல் வேண்டும். திருத்திய படிமத்துடன் மூலப் படிமத்தையும், உள்ளக மையங்களையும் உடைந்த இழைகளையும் குறிக்கும் வரைபடத்தையும் சேர்த்தே சேமிக்கவேண்டும். அவ்வாறு செய்தால், எந்திர உறுப்பையோ நோயாளியையோ பற்றி முடிவெடுப்பவர் தாம் காணும் கோடு அளவீட்டில் வந்ததா, நிரப்புதலில் வந்ததா என்பதைச் சரிபார்க்க இயலும்.