குப்பை மேடும் குடியானவனின் எருவும்

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் ரஸ்தாவில் போகிறவர்களுக்குப் பெருங்குடிக் குப்பை மேட்டை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்ததில்லை. பல ஆண்டுகளாகக் காற்றே அக்காரியத்தைச் செய்து வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சுமார் 225 ஏக்கர் பரப்பைக் குப்பைக்கு விட்டுக் கொடுத்தது நகரம். 2020க்குப் பின்னரே அம்மேட்டைத் தோண்டிச் சலித்து, மண் வேறு, பிளாஸ்டிக் வேறாகப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி மேற்கொண்டது.

அருகிலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. அங்கே நீரைத் தெளிய வைத்தபின் அடியில் தங்கும் கசட்டைச் சாரமற்ற குப்பை நிலத்தில் கொட்டினால் பயிர் விளையாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மலத்தை ஆழமின்றிப் புதைத்து எருவாக்க வேண்டுமென்று காந்தியடிகள் இடைவிடாது வற்புறுத்தினார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, நம் நாட்டுக் குடியானவர்களிடம் தாம் கற்றதைக் கொண்டே, தழையும் சாணமும் மண்ணும் சேர்த்து மக்கச் செய்யும் முறையை வகுத்தார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் சாக்கடைக் கசட்டை உலர்த்தி உரமாக விற்று வருகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உண்டு. தழை, மரத்தூள் முதலியவற்றுடன் குவித்து, 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதினைந்து நாள் வைத்து, ஐந்து முறையேனும் புரட்டினால் நோய்க் கிருமிகள் மடியும்.

ஆயினும், கிருமி மடிவதுபோல் ஈயமும் காட்மியமும் மடிவதில்லை. குரோம் தோல் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டை நம் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டறைக் கழிவு வீட்டுச் சாக்கடையோடு கலந்தால், உலோகங்கள் கசட்டிலேயே தங்கும். பின் கீரையில் ஏறும். நெடுங்காலம் கசட்டை வயலில் இட்ட அமெரிக்க மேய்ன் மாகாணம், அழியாத ரசாயனங்கள் மண்ணிலும் பாலிலும் காணப்பட்டதால், 2022இல் அவ்வழக்கத்தையே சட்டத்தால் தடுத்துவிட்டது.

எனவே நமது கருத்து இது: பெருங்குடியில் உழவு வேண்டாம். அது வயலாக இருந்த நிலமன்று. வெள்ளத்தைத் தாங்கிய சதுப்பு. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. மேடு அகன்ற இடத்தை நீருக்கே திருப்பித் தருவதுதான் நீதி. பிற ஊர்களின் பழைய குப்பை நிலங்களில், மண்ணையும் கசட்டையும் பரிசோதித்த பிறகு, முதலில் மரம் வளர்க்கலாம். உண்ணும் பயிருக்கு அவசரமில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. பெயிண்டையும் பழைய மருந்தையும் நம் வீட்டு அங்கணத்தில் ஊற்றிவிட்டு, நல்ல எருவை எதிர்பார்ப்பது எங்ஙனம்? சுதந்திர நாட்டின் மண்ணைக் காப்பது ஸர்க்காரின் வேலை மட்டுமன்று. அது நம் சமையலறையில் தொடங்குகிறது.