சம ஊதியத்தை யார் கொடுக்கிறார்கள்?

பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து 2027 ஜூன் 24 அன்று பிரேசிலில் தொடங்குகிறது. 2026 ஆண்கள் கோப்பையிலும் 2027 பெண்கள் கோப்பையிலும் வீரர்களுக்கான பணம் சமமாக இருப்பதே இலக்கு என்று ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ 2023 மார்ச்சில் கிகாலியில் சொன்னார். இதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: ‘அமெரிக்காவில் 2022-லேயே சம ஊதியம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன இலக்கு?’

வந்தது உண்மை. ஆனால், உலகக் கோப்பைப் பணத்தைப் பொறுத்தவரை அதைக் கொடுத்தது ஃபிஃபா அல்ல. அமெரிக்க ஆண்கள் அணி.

2022 கத்தார் கோப்பைக்கு ஃபிஃபா ஒதுக்கிய பரிசு 44 கோடி டாலர். மறு ஆண்டு பெண்களுக்கு 11 கோடி. இந்த இடைவெளியை அமெரிக்கக் கால்பந்து சங்கத்தால் குறைக்க முடியாது. அதனால் இரு அணிகளின் தொழிற்சங்கங்களும் சங்கமும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. அந்த இரண்டு கோப்பைகளிலும் வரும் பரிசில் 90 சதவீதம் ஒரே கணக்கில் சேரும். இரு அணியினரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். 2026, 2027 கோப்பைகளுக்கு 80 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்தாரில் கடைசி 16 அணிகளோடு வெளியேறிய ஆண்கள் ஈட்டியது 1.3 கோடி டாலர். அதில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 58 லட்சம். அதே பெண்கள் 2015, 2019 என இரண்டு முறை கோப்பையையே வென்றபோது, ஃபிஃபா சங்கத்துக்குக் கொடுத்த மொத்தப் பரிசே 60 லட்சம்தான்!

ஆண்கள் விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம், மனதாரப் பாராட்டலாம். அதற்கு முன் பெண்கள் நீதிமன்றத்தில் பட்ட பாடு சாதாரணமானது அல்ல. ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாகப் பெண்கள்தான் அதிகம் பெற்றிருக்கிறார்கள் என்று சொல்லி, சங்கத்தின் மீது அவர்கள் தொடுத்த ஊதிய வழக்கின் மையக் கோரிக்கையை 2020 மே மாதம் நீதிபதி தள்ளிவிட்டார். என்னை இன்றும் உறுத்துவது இந்தக் கணக்கு. ஒரு பக்கம் உலக சாம்பியன்கள். மறுபக்கம் 2018 கோப்பைக்குத் தகுதியே பெறாதவர்கள். இருவர் கைக்கும் வந்த தொகையை மட்டும் ஒப்பிட்டால், ஒரு வெற்றிக்கு யாருக்கு என்ன விலை என்பது மறைந்துபோகிறது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இந்த ஏற்பாட்டை எல்லா நாடுகளும் பின்பற்ற முடியாது. ஜாம்பியா பெண்கள் 2023 கோப்பையில் ஆடினார்கள். அவர்களது ஆண்கள் அணி உலகக் கோப்பையை எட்டியதே இல்லை. அங்கே யார் பணத்தைப் பங்கு போடுவது? ஃபிஃபா தன் பரிசுப் பட்டியலைத் திருத்தாதவரை, ‘சம ஊதியம்’ என்பது ஆண்கள் அணி வலுவாக இருக்கும் நாடுகளுக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை. இன்ஃபான்டினோவோ, பெண்கள் போட்டிக்குத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தரும் தொகை மிகக் குறைவு என்று 2023-ல் பழியை அங்கே திருப்பினார்.

இனி, வாசகர்களின் மற்ற கேள்விகள். 2023-ல் ஒவ்வொரு வீராங்கனைக்கும் குறைந்தது 30,000 டாலர் என்றார்களே? ஃபிஃபா பணத்தை நாட்டுச் சங்கங்களிடம்தான் கொடுத்தது; வீராங்கனைகளிடம் அதைச் சேர்ப்பது சங்கங்களின் கையில் இருந்தது.

அமெரிக்க ஒப்பந்தம் எதுவரை? 2028 இறுதிவரை.

இந்தியக் கிரிக்கெட்டில் சமம்தானே? 2022 அக்டோபரில் பிசிசிஐ சமமாக்கியது ஆட்டக் கட்டணத்தை மட்டும்: டெஸ்ட்டுக்கு 15 லட்சம் ரூபாய், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். 2024-ல் ஆண்கள் ஆடிய டெஸ்ட் 15. பெண்கள் ஆடியது ஒன்று, சேப்பாக்கத்தில்.

ஆண்டு ஒப்பந்தம்? 2024-25-ல் உச்சப் பிரிவு ஆண்களுக்கு 7 கோடி, பெண்களுக்கு 50 லட்சம்.

ஃபிஃபாவால் முடியாததை யாராவது செய்திருக்கிறார்களா? ஐசிசி செய்திருக்கிறது. 2023-ல் ஒருநாள் உலகக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலிய ஆண்களுக்குப் பரிசு 40 லட்சம் டாலர். 2025-ல் பெண்கள் கோப்பையை வென்ற ஹர்மன்பிரீத்தின் இந்திய அணிக்கு 44.8 லட்சம்.