வெல்லஸ்ஸவுக்குப் பட்ட கடன்

நல்லிணக்கம் என்றதும் நமக்கு மேடையும் மாலையும் சர்வமதத் தலைவர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 2022 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் கனடாவுக்குப் போய் அங்குள்ள பூர்வீகக் குடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்களது பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த விடுதிப் பாடசாலைகளில் நடந்த கொடுமைகளுக்காகவே அந்த மன்னிப்பு. கேட்ட பிறகு என்ன செய்வது? இதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே நமது ஊவாவில் ஒருவர் வாழ்ந்து பார்த்து விடை தேடினார்.

அவர் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. ரோமிலும் பாரிஸிலும் படித்து இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர், 1980இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தளவுக்கு வந்து சேர்ந்தார். (புத்தளம் அல்ல, கதிர்காமம் போகும் வழியில் உள்ள புத்தள.)

ஏன் அந்த ஊர்? அந்தப் பகுதியின் பழைய பெயர் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல் என்று பொருள். 1817-18 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயப் படை அங்கே வீடுகளையும் விளைச்சலையும் எரித்தது, மாடுகளைக் கொன்றது, வயலுக்கு நீர் தந்த குளங்களையும் வாய்க்கால்களையும் நாசமாக்கியது. க.பொ.த. உயர்தரத்தில் வரலாறு படிக்கும் எனக்கு இதில் உறுத்தும் ஒரு பெயர் உண்டு. ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் முகாந்திரமாக நியமித்த ஹாஜி மரைக்கார். அந்த நியமனமும் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. ஆகவே இது கிறிஸ்தவர்களின் கணக்கு மட்டுமே என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

மலைப்பக்கக் கதையும் இதன் தொடர்ச்சிதான். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்குப் போய் முதலில் கோப்பித் தோட்டமாகவும் பிறகு தேயிலைத் தோட்டமாகவும் மாறின. அங்கே உழைக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைத்தது லயன் காம்பரா. காணியை இழந்தவர்களுக்கும் அதில் உழைத்தவர்களுக்கும் காணி இல்லை. பகை மட்டும் இருவருக்கும் நடுவே வளர்ந்தது.

குடியேற்ற ஆட்சியோடு சேர்ந்து நடந்த திருச்சபை பௌத்த கிராமத்தவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது ரொட்ரிகோவின் எண்ணம். அவர் யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. 'சுப செத் கெதர', அதாவது நல்வாழ்த்து இல்லம் என்று தமது வீட்டுக்குப் பெயர் வைத்து, ஊர் மக்களிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். முதலில் சந்தேகித்த பிக்குமார்கூடப் பின்னர் அவரோடு பழகினார்கள்.

அந்த வீட்டில் மூலிகை மருத்துவம் நடந்தது, இரசாயனம் இல்லாத விவசாயம் பேசப்பட்டது. 1980களில் கிராமத்துக் காணிகள் கரும்புச் செய்கைக்குப் போனபோது அவர் மக்களின் பக்கம் நின்றார். சேனையில் குரக்கனும் சோளமும் பயறும் காய்கறியும் கலந்து விளையும். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று அடுப்பெரிக்க உதவும். கரும்பை வைத்து அடுப்பெரிக்க முடியுமா? எங்கள் வாப்பாவின் கடைக்கு மொனராகலையிலிருந்து சோள மூட்டை வரும்போதெல்லாம் எனக்கு இந்த வித்தியாசம் நினைவுக்கு வரும். மண்ணை நாம் அமானிதம் என்கிறோம். அதை ஒப்படைக்கப்பட்டவர்கள் யார் என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இயற்கையை மட்டும் காக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமது பதுளை மாவட்டத்துத் தம்பானையே சாட்சி. 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, அந்தக் காட்டிலேயே வாழ்ந்த வேடுவ மக்கள் தங்கள் வேட்டைக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைய முடியாதவர்கள் ஆனார்கள்.

1987இல் தெற்கில் இளைஞர் கிளர்ச்சியும் அடக்குமுறையும் மூண்டிருந்தன. ஏழைகளுக்காகப் பேசிய எவரும் சந்தேகத்துக்கு உள்ளான காலம். புத்தளவை விட்டுப் போவதா இருப்பதா என்று ரொட்ரிகோவும் உடனிருந்த கன்னியாஸ்திரிகளும் பேசிப் பார்த்தார்கள். போகவில்லை. நவம்பர் 10ஆம் திகதி மாலை, வீட்டில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தவரை யன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு 60 வயது.